வடை மணத்தில் ஓடிய டாக்சி

பெட்ரோலும் டீசலும் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று யாரோ சொன்னதை என் கணவர் டாக்சி ஸ்டேண்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கலாம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபதுகளின் முன்பாதி அது. அரபு நாடுகளில் சண்டை என்றும், எண்ணெயை அடைத்துவிட்டார்கள் என்றும் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு பலகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அவரிடம் பழைய ஜெர்மன் டீசல் கார் ஒன்று இருந்தது. அதில்தான் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் ஆள் ஏற்றினார். நாலு பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும், சேராவிட்டால் கோப்பிக் கடையில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் அடுப்பு எரிவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது எல்லாம் அந்தக் காரின் முதுகில் நடந்தது. டீசல் தீர்ந்தால் நாங்கள் என்ன ஆவோம்? அவரிடம் கேட்டேன். "ஒலகத்துக்கே ஆவுறதுதான் நமக்கும்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஆறுதலுக்குச் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு அது இன்னொரு கவலையாகிவிட்டது.

நான் அப்படித்தான். மழை பெய்தால் ஆறு ஏறுமோ என்று பயம், பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயம். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பால் வெட்டப் போய்விட, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதில் வீட்டில் தனியாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அடுப்பு, பாம்பு, கிணறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பயந்து பழகியது. பிறகு விடவேயில்லை.

நான் கல்யாணமாகி ஈப்போ வந்த சில வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். குலை வெட்ட ஆம்பளைகள் கொஞ்சம் பேர் போதும். பால் வெட்டிய பெண்களுக்கு வேலையில்லாமல் போனது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி உறவினர் வீடு ஒன்றில் ஒண்டினார்கள். தங்கை தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். தம்பி மட்டும் தோட்டத்திலேயே தங்கி, செம்பனைக் குலைகளை அவித்து எண்ணெய் பிழியும் ஆலையில் சேர்ந்தான். அந்த மரத்தை நான் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் குடியேறிய வேற்றாளைப் பார்ப்பது போல இருக்கும்.

டாக்சி ஸ்டேண்டில் டீசலுக்குப் பதில் என்ன என்ற பேச்சு வருஷக்கணக்காக நடந்தது. சீன டிரைவர் ஒருவர் சமையல் கேஸில் ஓடும்படி காரை மாற்றிக்கொண்டார். கேஸ் தோங், அந்த உருளை, காரின் பின்பெட்டியை அடைத்துக்கொண்டதால் பயணிகள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அவர் சிகரெட்டும் பிடிப்பார். அந்தக் காரைக் கண்டால் நான் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். இன்னொருவர் பேட்டரியில் ஓடும் காரைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தார். ராத்திரி முழுக்க கரண்டில் சொருகி வைத்தால் மறுநாள் ஓடுமாம். எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுக்காரர் இஸ்திரி போட்டால் விசிறி நின்றுவிடும், இதில் காருக்குமா என்று என் கணவர் கேட்டதாகவும், எல்லாரும் சிரித்ததாகவும் வந்து சொன்னார்.

எண்பதுகளில்தான் அந்தப் பேச்சு எங்கள் வாசலுக்கு வந்தது. கோலாலம்பூரிலிருந்து எண்ணெய் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஸ்டேண்டுக்கு வந்து, செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் மாதிரி ஒன்று செய்திருப்பதாகவும், அதை ஊற்றி ஓட்டிப் பார்க்கச் சில டீசல் டாக்சிகள் வேண்டும் என்றும் கேட்டார்கள். மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, இவர் கை தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது கார் வெடிக்குமா என்றுதான் முதலில் கேட்டேன்.

வெடிக்கவில்லை. மாறாக, மணந்தது. கார் சந்துக்குள் நுழையும்போதே பின்புகையில் பலகாரச் சட்டி மணம் வரும். சந்துப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். ஸ்டேண்டில் அவருக்கு வடைக்கடைக்காரர் என்று புதுப் பட்டம் கிடைத்தது.

"அண்ணே, ரெண்டு உளுந்து வடை, சட்னி கொஞ்சம் தூக்கலா."

"சட்னி தைப்பிங்லதான் கிடைக்கும், ஏறு."

அவருக்கு அதில் பெருமை. ஏறுகிறவர்களிடமெல்லாம் அந்த எண்ணெயைப் பற்றியே பேசினார். அரபுக்காரன் அடைத்தால் என்ன, நம் காட்டிலேயே காய்க்கிறது என்று மலாயில் ஒரு தரம், சீனனுக்குப் புரிகிற மலாயில் ஒரு தரம் சொல்வார். தம்பி வந்தபோது இரண்டு பேருக்கும் பேச்சு முடியவேயில்லை.

"மச்சான், நான் அவிக்கிறேன், நீங்க ஓட்டுறீங்க. இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே கம்பெனிலா."

உண்மையைச் சொன்னால், அந்தச் சில மாதங்கள்தான் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கினேன். எங்கள் வீட்டாரை லயத்தை விட்டுத் துரத்திய மரம் கடைசியில் சோறு போடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். டீசல் தீரட்டும், செம்பனை காய்த்துக்கொண்டுதானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சோதனை முடிந்தது. காரை நன்றாகத் திறந்து பார்த்து, எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை என்று சந்தோஷப்பட்டு, கைகுலுக்கி, மிச்ச எண்ணெயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் எப்போது விற்பீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். வந்தவர்களில் இளையவர் ஒரு மலாய்க்காரர். அவர் சிரித்து, "துங்கு டூலுலா, பாங்," என்று தோளைத் தட்டினாராம். பொறுத்திருங்கள் அண்ணே என்று அர்த்தம். இது ஆலையில் பக்குவம் செய்த எண்ணெய், சமையல் எண்ணெயை எடுத்து ஊற்றிவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சமையல் எண்ணெயை ஊற்றக்கூடாது என்றதை மட்டும் இவர் என்னிடம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.

பொறுத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. வெளிநாட்டில் செம்பனை எண்ணெய்க்கு நல்ல விலை, அதைப் போய்க் காரில் ஊற்றி எரிப்பார்களா என்றார்கள். பிறகு பெட்ரோல் விலை இறங்கிவிட்டது, இனி எதற்கு அந்தக் கஷ்டம் என்றார்கள். ஸ்டேண்டில் வடைப் பேச்சு கேலியாக மாறியது. "அண்ணே, கடையை மூடியாச்சா?" என்று யாராவது கேட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். டீசல் நாற்றம் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். இருபது வருஷமாக அதே நாற்றத்தில்தான் ஓட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பிஸ்கட் தகரத்தில் செக்கச்செவேலென்று எண்ணெய் கொண்டுவந்தான். ஆலைக் கழிவு நீர் போய்த் தேங்கும் குளத்தில் மிதக்கிற எண்ணெய். தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் அள்ளலாம், கேட்க ஆளில்லை. அதை இவர் பின்வாசலில் வைத்துக் காய்ச்சி, மாவுச் சாக்குத் துணியில் வடிகட்டினார். வீடெல்லாம் புளித்த மணம். முதலில் டீசலில் கொஞ்சமாகக் கலந்தார். ஓடியது. இன்னும் கொஞ்சம் கூட்டினார். அதுவும் ஓடியது. உச்சி வெயிலில் ஈப்போ ரோட்டில் அது நெய் மாதிரி உருகி ஓடாமல் என்ன செய்யும்?

சந்துக்குள் பழையபடி பிள்ளைகள் ஓடினார்கள். அவர் முகம் திரும்ப மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அடுப்படியில் இருக்கிறவளுக்கு ஒன்று தெரியும். அடைமழைக் காலத்தில், காலையில் செம்பனைச் சமையல் எண்ணெய்ப் போத்தலின் அடியில் வெள்ளையாக உறைந்துபோய் இருக்கும். போத்தலை வெந்நீர்ச் சட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தால்தான் தோசைக்கு ஊற்ற வரும். புந்தோங்கில் எந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். அதைச் சொன்னேன்.

"இங்க பாருங்க, போத்தல்ல உறையுது. கார்ல உறையாதா?"

"அவங்க எண்ணெயில எத்தனை மாசம் ஓட்டுனேன், உறைஞ்சுச்சா?"

"அது பக்குவம் பண்ணுனதுன்னு சொன்னீங்க."

"நானும் காய்ச்சித்தானே ஊத்துறேன்." அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ எதுக்குத்தாம்மா பயப்படல? விசிறி சுத்துனா கழண்டு விழுமான்னு பயப்படுற."

அது உண்மை. அந்த விசிறிக்குக் கீழே நான் பாய் போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் பயத்தை யார் காதில் வாங்குவார்கள்? இது நிஜமான பயம், மற்றதெல்லாம் வழக்கமான பயம் என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாதபோது அவரை என்ன சொல்வது? நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். மாலையில் கார் வந்து நின்றதும் எஞ்சின் மேல் பழைய கம்பளியைப் போர்த்தி, அதற்கு மேல் கோணிச் சாக்கைப் போடுவேன். பக்கத்து வீட்டு அக்கா, "கொசுவலையும் கட்டி விடேன், மலேரியா வந்துடப் போவுது," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார்.

வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் வெயிலே இல்லை. ஒரு காலையில் அடுப்பு மூட்டப் போனேன். போத்தலில் எண்ணெய் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டிருந்தது. சாய்த்தேன், அசையவில்லை. போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவரிடம் காட்டினேன். அவர் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் போவேண்டாங்க."

"மழைக்குப் பயந்தா மீன்காரனும் போவமாட்டான், நானும் போவமாட்டேன். அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்றது?"

"அப்ப நானும் வாரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் உட்கார்ந்தால் எண்ணெய் உருகிவிடுமா? வீட்டில் இருந்து நினைத்துக்கொண்டிருப்பதை விடக் கூடவே இருந்து பார்ப்பது பரவாயில்லை என்று பட்டது. தங்கையைக் கமுந்திங்கில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு காரணமும் சொன்னேன். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஏறினேன்.

கார் இருமியது, வெள்ளைப் புகை விட்டது, கடைசியில் எடுத்துவிட்டது. "பார்த்தியா?" என்றார். ஸ்டேண்டில் நாலு பேர் சேர்ந்தார்கள். தைப்பிங் ஆஸ்பத்திரியில் இருக்கும் மகனுக்கு அடுக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோகும் ஒரு மலாய் மக்சிக், அதாவது வயதான அம்மா, வேலைக்குப் போகும் இரண்டு தமிழ்ப் பெண்கள், பேசாமல் தூங்கும் ஒரு சீனப் பெரியவர். நான் முன் சீட்டில் மக்சிக்குக்கும் இவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சி, "அண்ணே, பசியாறாம வந்தேன், இந்த வாசத்துல மயக்கமே வருது," என்றாள். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

கோல கங்சார் வரை நன்றாகத்தான் வந்தோம். பாடாங் ரெங்காஸ் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் ஏற்றம். மலையெல்லாம் மேகம் இறங்கி, ரோடு வெள்ளையாக இருந்தது. ஜன்னல் இடுக்கில் வந்த காற்றில் மக்சிக் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஏற ஏற காரின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அவர் காலால் பெடலை அழுத்துவதைப் பார்த்தேன். அழுத்திப் பயனில்லை என்பதையும் பார்த்தேன்.  அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. வளைவில் பாதி ஏறும்போது கார் ஒரு மூச்சு விட்டு நின்றுவிட்டது.

பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை உரசிக்கொண்டு போனது. எல்லாரும் இறங்கினோம். சீனப் பெரியவர்தான் முதலில் கல் எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். இவர் பானெட்டைத் திறந்து டீசல் வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக, குளிர்ந்த நெய் போல அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் வழித்தார். மழை அதன் மேலேயே விழுந்தது.

கொஞ்சம் கீழே ரோட்டோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் ஓடிப்போய் வெந்நீர் கேட்டேன். கடைக்காரம்மா ஒரு கெண்டி நிறையக் கொடுத்தார். அதை ஏற்றத்தில் சுமந்து வந்து, அவர் சொன்ன இடத்தில், வடிகட்டி மேலும் குழாய் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். தோசைச் சட்டியின் பக்கத்தில் போத்தலைச் சாய்த்து வைப்பேனே, அதே வேலைதான். என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் காருக்கு உதவுகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கார் எடுத்தது. அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். எல்லாரும் ஏறினோம். வளைவைத் தாண்டினோம், அடுத்த வளைவையும் தாண்டினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே எஞ்சினுக்குள்ளே இரும்பை இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கெண்டியை மடியில் வைத்திருந்தேன். அதில் தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

பெண்கள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். சீனப் பெரியவரும் ஏறினார். ஏறும்போது, பசியாறாமல் வந்த பெண், "கவலைப்படாதீங்கண்ணே, சரியாயிடும்லா," என்றாள். மக்சிக் மட்டும் கொஞ்ச நேரம் என்னோடு நின்றார். மகனுக்குக் கஞ்சி ஆறிப்போகும், நீங்களும் போங்கள் என்று நான்தான் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். அதன் பிறகு அந்த ரோட்டோரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.    கெண்டியைக் கடைக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரை இழுத்துக்கொண்டு வந்து, அவர் வழக்கமாகப் போகும் சீன மெக்கானிக்கிடம் விட்டோம். மெக்கானிக்கின் பட்டறையில் தமிழர்கள் வந்து வந்து அவருக்கும் தமிழ் வந்துவிட்டிருந்தது. எண்ணெயை அழுத்தி அனுப்பும் பம்பைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"அண்ணே, இதுல கறி சமைச்சியா?"

இவர் சிரிக்கவில்லை. மெக்கானிக்கும் அதைப் பார்த்துவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொண்டார். உள்ளே துரு ஏறியிருந்தது. குளத்து எண்ணெயில் தண்ணீரும் புளிப்பும் இருந்திருக்கிறது. உறைந்தது அன்று காலைதான், ஆனால் அதற்கு முன்பே பல வாரமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. உறைவதற்கு மட்டும்தான் நான் பயந்தேன். அரிப்பதற்குப் பயப்பட எனக்குத் தெரியவில்லை.

"அவங்க குடுத்த எண்ணெயில நல்லாத்தானே ஓடுச்சு," என்றார் இவர். கேள்வியாகக் கூட இல்லை.

"அது வேற சாமான்லா, அண்ணே. கடையில வரட்டும், நானே உனக்கு ஊத்துறேன்."

  அந்த பம்பு, அதோடு சேர்ந்து கெட்டுப்போன மற்றதெல்லாம், எங்கள் கைக்கு எட்டாது என்பது மெக்கானிக்கின் முகத்திலேயே தெரிந்தது. கார் கொஞ்ச காலம் பட்டறையின் பின்னால் நின்றது. பிறகு கதவு, கண்ணாடி, சீட் என்று யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பித் தோட்டத்துக்குப் போகலாம் என்றால் அங்கே பால் மரமும் இல்லை, லயத்தில் எங்களுக்கு இடமும் இல்லை.

தம்பி குற்ற உணர்ச்சியில் ஆலையில் பேசி அவருக்கு ஒரு வேலை வாங்கித் தந்தான். டேங்கர் லாரி ஓட்டுகிற வேலை. ஆலையில் சூடாக ஏற்றிய செம்பனை எண்ணெயைப் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். அங்கிருந்து கப்பலில் எங்கெங்கோ போகும். அதே ரோடு, அதே புக்கிட் பெராப்பிட். லாரி டீசலில் ஓடியது. முதல் நாள் போய் வந்து சட்டையைக் கழற்றும்போது, "பின்னாடி அவ்வளவு எண்ணெய் இருக்கு, முன்னாடி டீசல் ஊத்துறேன்," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஸ்டேண்டு நண்பர்களைப் பார்க்கவும் போவதில்லை.

எண்பதுகள் முடியும் வரை அந்த லாரியைத்தான் ஓட்டினார். வழியில் லாரி பழுதாகி நின்றுவிட்டால் எண்ணெய் ஆறி டேங்கிலேயே உறைந்துவிடும், இறக்க முடியாது, டிரைவர் மேல்தான் பழி வரும் என்று தம்பி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மழைக் காலக் காலைகளில் நான் அடுப்படிக்குப் போனால் அவரும் பின்னாலேயே வருவார். கோப்பிக்கு என்று சொல்லுவார். கண் போத்தல் இருக்கும் பலகைக்குப் போகும்.

"உறைஞ்சிருக்கா?"

"உறைஞ்சிருக்குங்க."

அவர் தலையாட்டுவார். நான் போத்தலை வெந்நீர்ச் சட்டியின் பக்கத்தில் சாய்த்து வைப்பேன். அவர் கோப்பியைக் குடித்துவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்குவார்.